ஒருமுறை சொன்னால் போதும்: துன்புறுத்தலுக்கு ஆளான குழந்தைகளுக்கும் நலிந்த பெரியவர்களுக்கும் ஒருங்கிணைந்த குழு அமைப்பது எப்படி?

ஒன்பது வயதுக் குழந்தை ஒன்று வீட்டில் தனக்கு நடப்பதை ஆசிரியையிடம் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியை தலைமை ஆசிரியரை அழைக்கிறார். அவர் இன்னொரு முறை கேட்கிறார். காவல் நிலையத்தில் ஒருவர் கேட்கிறார், அவருடைய மேலதிகாரி மறுபடியும் கேட்கிறார். பிறகு மருத்துவர், குழந்தைநலப் பணியாளர், ஆலோசகர், அரசு வழக்கறிஞர் என்று வரிசை நீள்கிறது. எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் நான்காவது, ஐந்தாவது முறை கேட்கும்போது குழந்தைக்குத் தோன்றிவிடுகிறது: நான் முன்பு சொன்னது சரியில்லை போலிருக்கிறது, அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அது பதிலை மாற்றுகிறது. இல்லையென்றால் வாயை மூடிக்கொள்கிறது. கடைசியில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அத்தனை வாக்குமூலங்களையும் வரிசையாக வைத்து, எங்கெங்கே முரண்படுகின்றன என்று எண்ணிக் காட்டுவார். குழந்தையும் நொந்துபோகிறது, வழக்கும் உடைந்துபோகிறது.

இதற்கு ஒரு வழி கண்டவர் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஹன்ட்ஸ்வில் நகரில் அரசு வழக்கறிஞராக இருந்த பட் கிரேமர். குழந்தை அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டாம், அது ஒரே இடத்துக்கு வரட்டும், அதிகாரிகள் அங்கே வரட்டும் என்று 1985இல் ஒரு மையத்தைத் தொடங்கினார். அந்த நாட்டில் இன்று இயங்கும் நூற்றுக்கணக்கான மையங்களுக்கு அதுதான் முன்மாதிரி. ஐஸ்லாந்து 1998இல் 'பார்னாஹூஸ்' (குழந்தைகளின் வீடு) என்ற அமைப்பைத் தொடங்கி, நீதிமன்றத்தையும் அதே கூரைக்குள் கொண்டுவந்தது. வீட்டு வன்முறையில் உயிராபத்தில் இருப்பவர்களுக்காகப் பல துறைகள் கூடிப் பேசும் முறை 2003இல் வேல்ஸின் கார்டிஃப் நகரில் தொடங்கியது. முதியோர் துன்புறுத்தலுக்கென்று அதே ஆண்டில் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் ஒரு தடயவியல் மையம் வந்தது.

இப்படிப்பட்ட ஒரு குழுவைப் புதிதாகத் தொடங்கப் போகிறவர்களுக்கும், பெயருக்கு ஒரு குழு இருந்து ஒழுங்காக நடக்காமல் தவிப்பவர்களுக்கும் இந்த வழிகாட்டி. தனிக் கட்டடமும் வண்ணம் பூசிய சுவரும் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் யார், எதை, யாரிடம், எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்ற உடன்பாடு இல்லாத இடத்தில் கட்டடத்தால் பெரிய பயன் இல்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம். 'நலிந்த பெரியவர்' என்று நான் சொல்வது, முதுமை, மறதிநோய், உடல் அல்லது அறிவுசார் மாற்றுத்திறன், தீவிர மனநோய் போன்றவற்றால் தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாத 18 வயது கடந்தவரை.

படி 1: மேசையைச் சுற்றி யார் உட்கார வேண்டும்?

அடிப்படைக் குழுவில் காவல்துறை, குழந்தை அல்லது முதியோர் பாதுகாப்புப் பணியாளர், அரசு வழக்கறிஞர், மருத்துவர் அல்லது பயிற்சி பெற்ற செவிலியர், மனநல சிகிச்சையாளர், பாதிக்கப்பட்டவருக்குத் துணை நிற்பவர் ஆகியோர் இருக்க வேண்டும். இவர்களோடு ஒரு ஒருங்கிணைப்பாளர்.

பெரியவர்களின் வழக்குகளுக்கு வேறு சிலரும் தேவை: முதியோர் மருத்துவம் தெரிந்தவர், வங்கிக் கணக்குகளைப் படித்துச் சொல்லக்கூடியவர், சைகைமொழி அல்லது மாற்றுவழித் தொடர்பு தெரிந்தவர், சட்டப்படியான காப்பாளர் விவகாரங்களைக் கவனிக்கும் அலுவலர். எல்லோரும் எல்லாக் கூட்டத்துக்கும் வர வேண்டியதில்லை. கூப்பிட்டால் வருவார்கள் என்ற உறுதி முன்கூட்டியே கிடைத்திருந்தால் போதும்.

இரண்டு பொறுப்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதலாவது ஒருங்கிணைப்பாளர். இதை ஏற்கெனவே வேலைப்பளுவில் இருக்கும் ஒருவருக்குக் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்துவிடுகிறார்கள். குழுக்கள் சரிவதற்கு நான் முதலில் சொல்லும் காரணம் இதுதான். அழைப்புகளை எடுப்பது, நேரம் குறிப்பது, முடிவுகளை எழுதுவது, எழுதியதை யார் செய்யவில்லை என்று கேட்டு நச்சரிப்பது எல்லாம் ஒரு முழு ஆளின் வேலை. அவர் எந்தத் துறைக்கும் கீழ்ப்படியாதவராக இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, துணை நிற்பவர். காவலர் வழக்கைப் பார்ப்பார், மருத்துவர் உடலைப் பார்ப்பார், வழக்கறிஞர் சட்டத்தைப் பார்ப்பார். 'இந்தப் பெண்ணுக்கு நாளைக்குத் தேர்வு இருக்கிறது, விசாரணையை மறுநாள் வைத்துக்கொள்ளலாமா?' என்று கேட்க ஒருவர் வேண்டும். வழக்கு தோற்றாலும், தொடரப்படாமலே போனாலும், அவருடைய வேலை முடிவதில்லை.

இன்னொன்று: நேர்காணல் செய்பவரும் சிகிச்சை தருபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. ஒருவர் உண்மையை அறிய நடுநிலையாகக் கேட்க வேண்டியவர். இன்னொருவர் பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று ஆற்ற வேண்டியவர். இரண்டையும் ஒருவரே செய்தால் நீதிமன்றத்தில் இரண்டுமே கேள்விக்குள்ளாகும்.

படி 2: உடன்பாட்டை எழுதி வையுங்கள்

லண்டனில் 2000ஆம் ஆண்டு விக்டோரியா கிளிம்பி என்ற எட்டு வயதுச் சிறுமி, தன்னை வளர்த்த உறவினராலும் அவருடைய துணைவராலும் துன்புறுத்தப்பட்டு இறந்தாள். சமூகநலத் துறை, காவல்துறை, மருத்துவமனைகள் என்று எல்லோருமே அவளைப் பார்த்திருந்தார்கள். 2003இல் வெளிவந்த லேமிங் பிரபு விசாரணை அறிக்கை, அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய 12 சந்தர்ப்பங்களைப் பட்டியலிட்டது. ஆளாளுக்கு ஒரு துண்டுத் தகவல் கையில் இருந்தது. அவற்றை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஆகவே உடன்பாட்டில் முதலில் எழுத வேண்டியது தகவல் பகிர்வு. எந்தத் தகவலை யார் பகிரலாம், எதற்கு ஒப்புதல் வேண்டும், உயிராபத்து இருந்தால் ஒப்புதல் இல்லாமலே எதைச் சொல்லலாம் என்பதை உங்கள் ஊர்ச் சட்டப்படி ஒரு வழக்கறிஞரை வைத்து எழுதுங்கள். எல்லோருக்கும் ஒரே ரகசியக் கடமை இல்லை. காவலர் தன் விசாரணைக் குறிப்பைப் பகிர்வது வேறு, சிகிச்சையாளர் அமர்வில் கேட்டதைப் பகிர்வது வேறு. சிகிச்சையாளர் 'அமர்வுகளுக்கு வருகிறாள், பாதுகாப்பில் புதிய கவலை எதுவும் இல்லை' என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். குழுவுக்கு அதற்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது. குழுவில் பேசியதும் எழுதியதும் பிறகு எதிர்த்தரப்புக்குத் தரப்பட வேண்டியிருக்கலாம். அதையும் தொடக்கத்திலேயே எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும்.

அப்புறம் எந்த வகை வழக்குகள் குழுவுக்கு வரும், புகார் வந்து எத்தனை மணி நேரத்துக்குள் யார் யாரை அழைக்க வேண்டும், இரு துறைகள் ஒத்துப்போகாவிட்டால் யார் முடிவெடுப்பார் என்பவை. குழு உறுப்பினரின் உறவினரோ நண்பரோ சந்தேக வளையத்துக்குள் வந்தால், அந்த உறுப்பினர் அந்த வழக்கிலிருந்து விலக வேண்டும் என்ற விதியையும் சேருங்கள். சிறிய ஊர்களில் இது அரிதான நிகழ்வே அல்ல.

கையெழுத்திடுபவர்கள் துறைத் தலைவர்களாக இருக்க வேண்டும். நல்ல மனம் கொண்ட இரண்டு அதிகாரிகளின் நட்பில் ஓடும் குழு, அவர்களில் ஒருவருக்கு மாற்றல் வந்த மறு மாதமே நின்றுவிடும்.

படி 3: முதல் சில மணி நேரம்

குழந்தை முதலில் சொல்வது குழு உறுப்பினரிடம் அல்ல. ஆசிரியையிடமோ, பாட்டியிடமோ, பக்கத்து வீட்டு அக்காவிடமோதான். ஆகவே உங்கள் பகுதியில் இருக்கும் பள்ளி, மருத்துவமனை, பராமரிப்பு இல்லம் எல்லாவற்றுக்கும் போய், முதலில் கேட்பவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதும் குழுவின் வேலை.

முதலில் கேட்பவர் பதறாமல் கேட்க வேண்டும். 'நீ சொன்னது நல்லது, இதில் உன் தப்பு எதுவும் இல்லை' என்று சொல்லலாம். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குத் தரக் கூடாது. சொல்லித்தான் ஆக வேண்டும். என்ன நடந்தது, யார், எங்கே, எப்போது என்ற அளவுக்குத் தெரிந்தால் புகார் கொடுக்கப் போதும். அதுவும் குழந்தை தானாகச் சொல்லியிருந்தால் கேள்வியே தேவையில்லை. குழந்தை சொன்ன சொற்களை அப்படியே, தானே கேட்ட கேள்வியையும் சேர்த்து, தேதியும் நேரமும் போட்டு எழுதி வைக்க வேண்டும். குழந்தை கொச்சையாகச் சொன்னதைப் பெரியவர்களின் நாகரிகச் சொல்லுக்கு மாற்றக் கூடாது. சந்தேகத்துக்குரியவரை நேரில் போய்க் கேட்பது மிகப் பெரிய தவறு: தடயம் அழியும், குழந்தை மிரட்டப்படும்.

புகார் வந்ததும் குழுவின் முதல் கேள்வி, 'இன்று இரவு இந்தக் குழந்தை எங்கே தூங்கும்?' என்பதுதான். அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், தம்பி தங்கைகள் உண்டா, சந்தேகத்துக்குரியவர் எத்தனை மணிக்கு வீடு திரும்புவார்? முடிந்தவரை அவரை வெளியேற்றப் பாருங்கள். குழந்தையை வெளியேற்றினால், தண்டனை தனக்குத்தான் என்று அது நினைத்துக்கொள்ளும்.

அடுத்தது மருத்துவ அவசரம். அண்மையில் பாலியல் வன்முறை நடந்திருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், முந்தினால் மேலும் நல்லது. கருத்தரிக்கும் வயதுப் பெண்ணுக்கு அவசரக் கருத்தடை 120 மணி நேரம் வரை பயன்தரலாம். உடல் தடயங்கள் சேகரிக்கும் கால வரம்பு இடத்துக்கு இடம் 72 மணி முதல் 120 மணி வரை வேறுபடுகிறது. பருவமடையாத குழந்தைகளின் உடலில் தடயம் பெரும்பாலும் முதல் நாளுக்குள்தான் கிடைக்கிறது, அதற்குப் பிறகு உடையிலும் படுக்கை விரிப்பிலும்தான் வாய்ப்பு அதிகம். அந்த உடைகளைத் துவைக்காமல் காகிதப் பையில் போட வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும்.

கைபேசியில் படமோ உரையாடலோ இருந்தால் கைபேசியை அப்படியே ஒப்படையுங்கள். குழந்தையின் பாலியல் படத்தை 'சாட்சிக்காக' நான்கு பேருக்கு அனுப்புவதே பல நாடுகளில் குற்றம்.

படி 4: நேர்காணலுக்கு முன் ஒரு சிறிய கூட்டம்

கால் மணி நேரம் போதும், ஆனால் தவிர்க்கக் கூடாது. என்னென்ன தெரியும், என்ன தெரியாது, யார் பேசப் போகிறார், எந்த மொழியில், குழந்தையின் வளர்ச்சி நிலை என்ன, கேட்கும் திறனில் குறை உண்டா, எதைக் கண்டால் மிரளும், எப்போது பசிக்கும், எப்போது தூங்கும்? குழந்தையை யார் அழைத்து வருவார் என்பதையும் தீர்மானியுங்கள். சந்தேகத்துக்குரியவரையோ அவர் பக்கம் பேசும் உறவினரையோ வழித்துணையாக வர விட்டால், வரும் வழியிலேயே நேர்காணல் முடிந்துவிடும்.

படி 5: நேர்காணல்

மொத்த ஏற்பாட்டின் மையம் இது. ஒரு அமைதியான அறை, இரண்டு நாற்காலி, ஒரு கேமரா. உள்ளே பயிற்சி பெற்ற ஒருவர் மட்டும். காவலர், பாதுகாப்புப் பணியாளர், வழக்கறிஞர் ஆகியோர் வேறு அறையில் திரையில் பார்ப்பார்கள். இது குழந்தைக்கும் வயதுக்கேற்பத் தெரிந்திருக்க வேண்டும். ஒளிந்திருந்து பார்ப்பது நம்பிக்கைத் துரோகம். ஐஸ்லாந்து முறையில் நீதிபதியின் மேற்பார்வையில் இது நடக்கிறது. எதிர்த்தரப்பும் தன் கேள்விகளை நேர்காணல் செய்பவர் வழியாகவே கேட்டுவிடும். பதிவே பிறகு சாட்சியமாகும். அதனால் குழந்தை பெரும்பாலும் நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை. இருப்பவற்றில் சிறந்த ஏற்பாடு இதுதான் என்பது என் கருத்து, ஆனால் சட்டம் இடம் கொடுத்தால்தான் முடியும்.

எப்படிக் கேட்பது என்பதற்குப் பல நாடுகளில் ஆய்ந்து பார்க்கப்பட்ட நெறிமுறைகள் உள்ளன. அமெரிக்கத் தேசியக் குழந்தைநல ஆய்வு நிறுவனத்தில் மைக்கேல் லேம்பும் அவருடைய சக ஆய்வாளர்களும் உருவாக்கிய நெறிமுறை அவற்றில் பரவலானது. அதன் போக்கு இப்படி:

முதலில் விதிகள். 'தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம். நான் கேட்டது புரியாவிட்டால் சொல்லு. நான் தப்பாகச் சொன்னால் திருத்து.' சொன்னால் மட்டும் போதாது, பழக்கிப் பார்க்க வேண்டும்: ஒன்பது வயதுக் குழந்தையிடம் 'உனக்குப் பதினைந்து வயது என்று நான் சொன்னால் நீ என்ன சொல்வாய்?' என்று கேட்டால், சிரித்துக்கொண்டே திருத்தும். பெரியவரைத் திருத்தலாம் என்பதே பல குழந்தைகளுக்குப் புதிய செய்தி.

பிறகு வழக்குக்குத் தொடர்பில்லாத ஒன்றைச் சொல்லச் சொல்வது. 'நேற்றுப் பள்ளி விட்டதிலிருந்து தூங்கப் போகும் வரை நடந்ததை எல்லாம் சொல்லு.' விரிவாகச் சொல்லிப் பழகுவதற்கு இது. அந்தக் குழந்தை எந்த அளவுக்குக் கோவையாகச் சொல்லும் என்று நமக்கும் தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வர வேண்டும். 'இன்றைக்கு என்னிடம் பேச எதற்காக வந்திருக்கிறாய்?' என்று திறந்த கேள்வி. குழந்தை தொடங்கியதும் 'அப்புறம் என்ன நடந்தது?', 'அந்த அறையைப் பற்றி இன்னும் சொல்லு' என்று அது சொன்ன சொல்லையே பிடித்துக்கொண்டு போக வேண்டும். 'மாமா உன்னைத் தொட்டார், இல்லையா?' என்று கேட்டால் வழக்கு அங்கேயே பழுதாகிவிடும். குழந்தை இதுவரை சொல்லாத பெயரையோ செயலையோ முதலில் உச்சரிப்பவர் கேட்பவராக இருக்கக் கூடாது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 1983இல் எழுந்த மக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கில், குழந்தைகளிடம் தூண்டும் கேள்விகள் கேட்டார்கள், 'மற்றவர்கள் எல்லாம் சொல்லிவிட்டார்கள்' என்று அழுத்தம் கொடுத்தார்கள். வழக்கு 1990 வரை இழுத்து, யாருக்கும் தண்டனை இல்லாமல் முடிந்தது. அப்படிக் கேட்டபின் எது நடந்தது, எது விதைக்கப்பட்டது என்று பிரித்தறிய யாராலும் முடியாது. பாதிக்கப்பட்டவருக்கும் அநீதி, குற்றம் செய்யாதவருக்கும் அநீதி.

இடையில் ஒரு சிறிய இடைவேளை விட்டு, நேர்காணல் செய்பவர் பார்வையாளர் அறைக்குப் போய் விடுபட்டது உண்டா என்று கேட்டு வரலாம். 'சொன்னால் மிட்டாய் தருகிறேன்' போன்ற பேரம் கூடவே கூடாது. தண்ணீர், கழிப்பறை, ஓய்வு இவை எப்போது கேட்டாலும் கிடைக்க வேண்டும்.

குழந்தை எதுவும் சொல்லாவிட்டால்? விட்டுவிடுங்கள். இன்னொரு அமர்வை அமைதியாகத் திட்டமிடலாம். 'ஒருமுறை' என்பது தேவையில்லாமல் திரும்பக் கேட்காதே என்பதற்கான விதி. ஒரே மணி நேரத்தில் கறந்துவிட வேண்டும் என்பதற்கு அல்ல. தாமதமாகச் சொல்வதும், பாதி சொல்வதும், குடும்பம் உடைவதைப் பார்த்துச் சொன்னதையே மறுப்பதும் நடக்கக்கூடியவை. ரோலண்ட் சம்மிட் என்ற மனநல மருத்துவர் 1983இலேயே இவற்றை விவரித்து எழுதினார். மறுத்தால் உடனே கோப்பை மூடாதீர்கள். முந்தின வாரத்தில் வீட்டில் யார் என்ன பேசினார்கள் என்று விசாரியுங்கள். அதே சமயம், மறுப்பு உண்மையாக இருக்கவும் வாய்ப்புண்டு என்ற திறந்த மனமும் வேண்டும்.

படி 6: மருத்துவப் பரிசோதனை

குழுவில் எல்லோரும், குறிப்பாகக் காவலரும் வழக்கறிஞரும், ஒன்றை மனத்தில் பதிய வைக்க வேண்டும்: பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான பெரும்பாலான குழந்தைகளின் உடலில் அடையாளம் எதுவும் இருக்காது. அமெரிக்காவில் சந்தேகத்தின் பேரில் பரிசோதிக்கப்பட்ட 2384 குழந்தைகளைப் பற்றி 2002இல் வெளியான ஆய்வில், சுமார் 4 விழுக்காட்டினரிடம் மட்டுமே மாறுபாடு தெரிந்தது. பல செயல்கள் காயம் ஏற்படுத்துவதில்லை. ஏற்பட்ட காயமும் விரைவில் ஆறிவிடும். 'ஒன்றும் இல்லை' என்று அறிக்கை வந்ததும் வழக்கைக் கைவிடும் பழக்கம் இதைத் தெரியாததால் வருவது. அறிக்கை எழுதும் மருத்துவரும் 'காயம் இல்லை என்பதால் துன்புறுத்தல் நடக்கவில்லை என்று பொருளாகாது' என்ற வரியைச் சேர்க்கத் தயங்கக் கூடாது.

பரிசோதனை தடயத்துக்காக மட்டும் இல்லை. 'என் உடம்பு கெட்டுப்போச்சா?' என்ற பயம் பல குழந்தைகளுக்கு உள்ளே இருக்கும். 'உன் உடம்பு நன்றாக இருக்கிறது' என்று ஒரு மருத்துவர் வாயால் கேட்பதே பெரிய ஆறுதல். வேண்டாம் என்று சொன்னால் நிறுத்த வேண்டும். பிடித்து அமுக்கிச் செய்யும் பரிசோதனை இன்னொரு துன்புறுத்தல்.

உடல்ரீதியான துன்புறுத்தலில் நிலைமை வேறு. நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் உடலில் எங்கே கன்றியிருந்தாலும், நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் உடலின் நடுப்பகுதியிலோ காதிலோ கழுத்திலோ கன்றியிருந்தாலும், தக்க விளக்கம் கிடைக்கும் வரை சந்தேகப்பட வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழு எலும்புக்கூட்டையும் எக்ஸ்ரே எடுத்து, ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்தால், முதலில் தெரியாத முறிவும் ஆறத் தொடங்கும்போது தெரியவரும். கன்றிய இடத்தின் நிறத்தை வைத்து 'இது மூன்று நாள் பழையது' என்று சொல்வதை நம்பாதீர்கள். அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை.

படி 7: பெரியவர்கள் என்றால் என்ன மாறும்?

குழந்தைக்காக உருவான முறையை அப்படியே முதியவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் போட்டுவிடும் குழுக்கள் உண்டு. அது சரிவராது. பெரியவர் தன் வாழ்க்கையைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை உள்ளவர். நமக்குப் பிடிக்காத முடிவையும் அவர் எடுக்கலாம். இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது: முடிவெடுக்கும் திறன் இல்லை என்று நிறுவப்படும் வரை திறன் உண்டு என்றே கொள்ள வேண்டும், விவேகமற்ற முடிவு எடுப்பதாலேயே ஒருவர் திறனற்றவர் ஆகிவிடமாட்டார். இந்தத் திறன் விஷயத்துக்கு விஷயம் மாறும். சொத்தை எழுதிக்கொடுப்பதன் விளைவு புரியாத ஒருவருக்கு, யாரோடு வசிக்க விருப்பம் என்பது நன்றாகவே தெரிந்திருக்கலாம்.

ஆகவே முதலில் அவரிடமே கேளுங்கள்: 'அம்மா, உங்களுக்கு என்ன நடக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?' பலரும் சொல்லும் பதில், 'அவன் ஜெயிலுக்குப் போக வேண்டாம், அடிக்காமல் இருந்தால் போதும்.' இந்தப் பதிலோடு வேலை செய்யத் தெரியாத குழு அவரை இழந்துவிடும். கேட்கும்போது பராமரிப்பாளர் பக்கத்தில் இருக்கக் கூடாது. கண்ணாடி, செவிக்கருவி இருக்கிறதா, பேட்டரி ஓடுகிறதா என்று பாருங்கள். மறதிநோய் உள்ளவர்களில் பலருக்குப் பொழுது சாயச்சாயக் குழப்பம் கூடும், காலையில் பேசுங்கள். பேச்சு வராதவருக்குப் படப் பலகையோ மொழிபெயர்ப்பாளரோ தேவைப்பட்டால், அதைக் குடும்பத்தினர் செய்யக் கூடாது. துன்புறுத்துபவரே 'அவர் சொல்வதை நான் சொல்கிறேன்' என்று உட்கார்ந்துகொள்வது நடக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 60 வயது கடந்தவர்களில் ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதோ ஒரு வகைத் துன்புறுத்தலுக்கு ஆளாகிறார். துன்புறுத்துபவர் பெரும்பாலும் சோறு போடுபவராகவும் குளிப்பாட்டுபவராகவும் இருப்பதுதான் சிக்கல். அவரைக் கைது செய்த அன்று மாலை மாத்திரை கொடுக்க யார் இருக்கிறார்கள்? மாற்றுப் பராமரிப்பை முதலில் ஏற்பாடு செய்துவிட்டு நடவடிக்கைக்குப் போங்கள்.

பணச் சுரண்டலுக்கு வேகம் தேவை. கணக்கிலிருந்து போன பணம் திரும்புவது கடினம். வங்கியில் யாரை அழைத்தால் பரிவர்த்தனையை நிறுத்திவைக்க முடியும் என்று முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும். திடீரென மாறிய உயில், புதிதாக முளைத்த அதிகாரப் பத்திரம் (அவர் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு உரிமை தரும் பத்திரம்), கட்டப்படாத மின்கட்டணம் எல்லாம் சேர்ந்து ஒரு படம் தரும்.

பராமரிப்பு இல்லத்தில் நடந்திருந்தால், அந்த இல்லத்தின் நிர்வாகியைக் கூட்டத்துக்கு அழைக்காதீர்கள். அங்கே வசிக்கும் மற்றவர்களின் நிலையையும் உடனே பாருங்கள்.

படி 8: வழக்கு ஆய்வுக் கூட்டம்

வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ, நாள் மாறாமல். ஒவ்வொரு வழக்கிலும் பாதுகாப்பு, விசாரணை, உடல்நலம், மனநலம், குடும்பம் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்து, ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே ஒரு பெயரையும் ஒரு தேதியையும் எழுதுங்கள். துணை நிற்பவரை முதலில் பேசவிடுவது என் பரிந்துரை. அதிகாரிகள் முதலில் பேசினால் கூட்டம் வழக்கைப் பற்றியதாகவே முடிந்துவிடும்.

கருத்து மோதல் வரும், வர வேண்டும். வழக்கறிஞர் 'இந்தச் சாட்சியம் நிற்காது' என்பார், பாதுகாப்புப் பணியாளர் 'குழந்தை ஆபத்தில் இருக்கிறது' என்பார். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். குற்றவழக்கு தொடர முடியாவிட்டாலும் பாதுகாப்பு ஆணை பெறலாம், சிகிச்சை தொடரலாம். சத்தமில்லாத கோப்புகளைத் தேடி எடுப்பது ஒருங்கிணைப்பாளரின் கடமை. சண்டை இருக்கும் வழக்குகள் தாமாகவே மேசைக்கு வந்துவிடும்.

படி 9: சிகிச்சையும் குடும்பமும்

சிகிச்சையை வழக்கு முடியும் வரை தள்ளிப்போடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது, சாட்சியம் கெட்டுவிடும் என்ற பயத்தில். வழக்கு முடிய ஆண்டுகள் ஆகலாம். குழந்தையால் அத்தனை நாள் காத்திருக்க முடியாது. நேர்காணல் ஒழுங்காகப் பதிவாகியிருந்தால் இந்தப் பயம் பெருமளவு குறைந்துவிடும்.

அதிர்ச்சியை மையப்படுத்திய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு (நடந்ததன் தாக்கத்திலிருந்து மீள, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) குழந்தைகளிடம் வலுவான ஆய்வுச் சான்று உண்டு. வழக்கமாக 12 முதல் 16 அமர்வுகள். துன்புறுத்தாத பெற்றோரும் அதில் சேர்ந்தே பயணிப்பார்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்பதைத் தொடக்கத்திலேயே நேரடியாகக் கேட்க வேண்டும். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை.

குழந்தை மீள்வதில் தாயோ தந்தையோ நம்பித் துணை நிற்பதற்குப் பெரிய பங்குண்டு. ஆனால் அந்தத் தாய் அப்போதுதான் தன் கணவனைப் பற்றியோ சகோதரனைப் பற்றியோ கேள்விப்பட்டிருப்பார். முதல் நாளில் நம்ப மறுத்ததை வைத்து அவரை எதிரியாக்கிவிடாதீர்கள். வருமானம், வீடு, சொந்தபந்தம் எல்லாம் ஒரே நாளில் ஆட்டம் காணும் நிலையில் இருப்பவர் அவர். வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் வழி காட்டினாலே பல தாய்மார்கள் குழந்தை பக்கம் உறுதியாக நிற்பார்கள்.

படி 10: நீதிமன்றம்

நீதிமன்றத்துக்குத் தயார்படுத்தலாம், சொல்லிக்கொடுக்கக் கூடாது. அறையை முன்கூட்டியே காட்டுவது, யார் எங்கே உட்காருவார் என்று விளக்குவது, 'தெரியாது' என்று சொல்லலாம் என நினைவூட்டுவது சரி. என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்ப்பது தவறு. திரை மறைப்பு, காணொளி வழிச் சாட்சியம், முன்கூட்டியே காணொளியில் பதிவுசெய்த குறுக்கு விசாரணை, கேள்விகளைப் புரியும்படி எடுத்துச் சொல்லும் பேச்சுத் துணைவர் ஆகியவற்றில் உங்கள் சட்டம் எதை அனுமதிக்கிறதோ அதை வழக்கறிஞர் முன்னதாகவே கேட்டுப் பெற வேண்டும். அன்று காலையில் கேட்டால் கிடைக்காது. வழக்கு ஒத்திவைக்கப்பட்டாலோ, குற்றம்சாட்டப்பட்டவர் ஜாமீனில் வந்தாலோ, தீர்ப்பு வந்தாலோ, குடும்பத்துக்கு யார் எத்தனை மணிக்குள் சொல்வார் என்பதையும் எழுதி வையுங்கள்.

படி 11: குழு தன்னைப் பார்த்துக்கொள்வது

நேர்காணல் பதிவுகளை நாள்தோறும் பார்ப்பவர்களுக்குத் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், சில நாளில் மரத்துப்போகும். வழக்குகளைச் சுழற்சியில் கொடுங்கள், நேர்காணல் செய்பவர்களின் பதிவுகளைச் சக பணியாளர்கள் பார்த்துக் கருத்துச் சொல்லும் ஏற்பாடு செய்யுங்கள், வெளியாள் ஒருவரிடம் பேசும் வாய்ப்பைத் தாருங்கள்.

வேலை நன்றாக நடக்கிறதா என்று அறிய தண்டனை எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு குழந்தை எத்தனை பேரிடம் சொல்ல நேர்ந்தது? புகாரிலிருந்து நேர்காணலுக்கு எத்தனை நாள், நேர்காணலிலிருந்து முதல் சிகிச்சை அமர்வுக்கு எத்தனை நாள்? எத்தனை குடும்பங்கள் பாதியில் தொடர்பை விட்டன? குடும்பங்களிடமும் பெரியவர்களிடமும் நேரடியாகக் கேளுங்கள்.

கடைசியாக, பல குழுக்கள் தாமதமாகவே யோசிக்கும் ஒரு விஷயம்: அந்த நேர்காணல் பதிவுகள். எங்கே வைக்கப்படும், யார் பூட்டைத் திறக்கலாம், எத்தனை பிரதிகள், யார் பார்த்தார்கள் என்ற பதிவேடு, எப்போது அழிக்கப்படும்? சொந்தக் கைபேசியிலோ தனிப்பட்ட மின்னஞ்சலிலோ ஒரு நொடிகூட இருக்கக் கூடாது. பயிற்சி வகுப்பில் காட்டுவதற்கு உண்மையான பதிவைப் பயன்படுத்தும் ஆசை வரும். அடையாளம் தெரியாமல் மாற்றியிருந்தாலும், அந்தக் குழந்தையோ குடும்பமோ சட்டப்படி ஒப்புக்கொள்ளாதவரை காட்டாதீர்கள். முதல் நேர்காணல் நடக்கும் நாளுக்கு முன்பே இந்த விதிகளை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.